ஆயுட்கால வாரண்டி உள்ள ஃப்ரேமில் விரிசல்: 11ஆம் ஆண்டில் ஒரு கிளெய்ம்

நான் 11 ஆண்டுகளாக ஓட்டிவந்த அலுமினிய சைக்கிளின் ஃப்ரேமில் விரிசல் விட்டது. அந்த ஃப்ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு என்று வாங்கும்போதே கடையில் சொல்லியிருந்தார்கள். உடன் வந்த கையேட்டிலும் அது அச்சாகியிருந்தது. விரிசல்தான் என்று உறுதியான நாளிலிருந்து 52ஆம் நாள் மாற்று ஃப்ரேம் என் கைக்கு வந்தது. இடையில் ஒருமுறை, தர இயலாது என்ற பதிலும் வந்தது. அந்த 52 நாள்களில் இந்த வாரண்டி என்ன தந்தது, என்ன தரவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. இதே சொற்களில் அமைந்த வாரண்டியைப் பல நிறுவனங்கள் தருகின்றன; எவரிடம் கேட்டுப் போனாலும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கவேண்டியிருக்கும்.

முதலில் வந்தது சத்தம். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும், பெடலைத் தாங்கும் கிராங்க் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒருமுறை, அடியிலிருந்து ‘கிறீச்’ என்றது. சைக்கிள் ஓட்டுபவர் எவரும் இதைக் கேட்டவுடன் கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் சந்தேகிப்பார். நானும் அப்படியே நினைத்து அதை மாற்றினேன். சத்தம் போகவில்லை. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்துப் பார்த்தேன், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், செயின் ஓடும் முன் பல்சக்கரமான செயின்ரிங்கின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவியபோது, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் செயின் ஸ்டே குழாய் தொடங்கும் இடத்தில், செயின்ரிங்கின் மறைவில், பற்றவைப்பின் விளிம்பை ஒட்டி ஒரு கருங்கோடு தெரிந்தது. நகத்தால் வருடினால் நகம் இலேசாகச் சிக்கியது.

பெயிண்டில் விழுந்த கீறலா, உலோகத்தில் விழுந்த விரிசலா என்று கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, கோட்டின் இரு முனைகளிலும் மெல்லிய பேனாவால் புள்ளி வைத்து, ஒரு ஸ்கேலை அருகில் பிடித்துப் படம் எடுத்தேன். சமதரையில் மெதுவாக இரண்டு முறை மட்டும் ஓட்டிய பிறகு பார்த்தபோது கோடு ஒரு புள்ளியைத் தாண்டி 3 மில்லிமீட்டர் போயிருந்தது. கீறல் வளராது, வளர்வது விரிசல். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் நான் ஏறவில்லை. அந்த இரண்டு முறைகூட ஓட்டியிருக்கத் தேவையில்லை என்று இப்போது நினைக்கிறேன். பழகிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டியிருந்தால், பெயிண்டைச் சிறிது சுரண்டி, விரிசலுக்குள் ஊறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவி, அங்கேயே சொல்லியிருப்பார். அலுமினியம் வளைந்து எச்சரித்துவிட்டு உடையும் உலோகம் அன்று. குறிப்பிட்ட நீளத்துக்கு விரிசல் வளர்ந்தபின் ஒரே மிதியில் குழாய் பிரிந்துவிடக்கூடும்.

இனி வாரண்டிக்கு வருகிறேன். ‘ஆயுட்காலம்’ என்றால் யாருடைய ஆயுள் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் வாங்கியவரின் ஆயுளை, அதுவும் அவர் அந்தச் சைக்கிளைத் தம்மிடமே வைத்திருக்கும் காலத்தை, கணக்கில் கொள்கின்றன. ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, ஜயண்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆயுட்கால வாரண்டி முதல் உரிமையாளரைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றின் பத்திரங்களில் ‘பொருளின் பயன்படு ஆயுள்’ என்று இருக்கும். அது எத்தனை ஆண்டு என்று எங்கும் இராது. இந்தச் சொல்லின் மயக்கம் சைக்கிளோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், விளம்பரத்தில் ‘ஆயுட்காலம்’ என்று சொல்பவர் அது எதனுடைய ஆயுள் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. அதில் எடுத்துக்காட்டாக வருவது காரின் சைலன்சர். அந்நாட்டில் 1975இல் வந்த வாரண்டிச் சட்டம், எழுத்துமூல வாரண்டியை ‘முழுமையானது’, ‘வரையறுக்கப்பட்டது’ என்று இரண்டாகப் பிரித்துத் தலைப்பிலேயே குறிக்கச் சொல்கிறது. சைக்கிள் ஃப்ரேம்களுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகை. என் கையேட்டிலும் ‘வரையறுக்கப்பட்ட ஆயுட்கால வாரண்டி’ என்றுதான் இருந்தது. வாங்கிய நாளில் எனக்கு ‘ஆயுட்கால’ என்ற சொல் மட்டுமே கண்ணில் பட்டது.

அந்த வரையறைகள் என்னென்ன என்று 11 ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து படித்தேன். மூலப்பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைக்கு மட்டுமே வாரண்டி உண்டு. விபத்து, தவறான பொருத்துதல், பராமரிப்பின்மை, இயல்பான தேய்மானம், துரு, போட்டிப் பந்தயம், வாடகைக்கு விடுதல், சாகச ஓட்டம் ஆகியவற்றால் வரும் சேதம் சேராது. ஃப்ரேமில் துளையிட்டாலோ, மோட்டார் பொருத்தினாலோ, உலையில் வைத்து மறுபூச்சு செய்தாலோ வாரண்டி போய்விடும். இந்தக் கடைசி விதி வீண் கெடுபிடி என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் ஃப்ரேம்களுக்குப் பயன்படும் 6061 வகை அலுமினியத்தின் வலிமை, பற்றவைத்தபின் செய்யும் வெப்பப் பதனிடலால் வருவது. சுமார் 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 170 முதல் 180 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அப்படிப் பக்குவப்பட்ட ஃப்ரேமை எவரோ ஒருவர் தம் உலையில் என்ன சூட்டில், எவ்வளவு நேரம் வைத்தார் என்பது தெரியாதபோது நிறுவனம் பொறுப்பேற்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வரையறையையும் பலர் கவனிப்பதில்லை. ஏஎஸ்டிஎம் எஃப் 2043 என்ற தரநிலை சைக்கிள்களை அவை எங்கே ஓட்டப்படும் என்பதை வைத்து வகைப்படுத்துகிறது. முதல் வகை தார்ச்சாலைக்கு, இரண்டாவது கரட்டுச் சாலைக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் வரையிலான குதிப்புக்கும், மூன்றாவது மலைத்தடத்துக்கும் சுமார் 61 சென்டிமீட்டர் வரையிலான குதிப்புக்கும் என்று ஐந்தாம் வகை வரை போகிறது. ஃப்ரேமின் அடியிலோ கையேட்டிலோ இந்த எண் சிறிய படத்துடன் இருக்கும். முதல் வகைச் சைக்கிளை மலைத்தடத்தில் ஓட்டி உடைத்தால், ஃப்ரேமில் உண்மையிலேயே குறை இருந்திருந்தாலும் கிளெய்ம் நிற்பது அரிது. ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்த எடைக்கும் ஒரு வரம்பு உண்டு. என் சைக்கிள் இரண்டாம் வகை. நான் அதற்கு உட்பட்டே ஓட்டியிருந்தேன்.

கிளெய்முக்கு வேண்டியவை மூன்று: வாங்கியதற்கான ரசீது, ஃப்ரேமின் வரிசை எண், சேதத்தின் படங்கள். வரிசை எண் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறிக்கப்பட்டிருந்தது; படங்களும் இருந்தன. ரசீதில்தான் சிக்கல். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது 11 ஆண்டுகளில் வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. கடையின் உரிமையும் கைமாறிவிட்டது. பழைய விற்பனைப் பதிவுகள் புதியவர்களிடம் இல்லை. என்னைக் காப்பாற்றியது, வாங்கிய வாரத்தில் நிறுவனத்தின் இணையதளத்தில் சைக்கிளைப் பதிவுசெய்தபோது வந்த உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். அதில் என் பெயர், வரிசை எண், வாங்கிய தேதி மூன்றும் இருந்தன. பதிவுசெய்வதை விளம்பர மின்னஞ்சல்களுக்கான தூண்டில் என்று எண்ணித் தவிர்ப்பவர்கள் உண்டு. என் வழக்கில் அந்த ஐந்து நிமிட வேலை இல்லாதிருந்தால் நான் முதல் உரிமையாளர் என்பதை நிறுவவே முடிந்திராது. மற்ற எல்லாம் அதற்குப் பின்தான்.

நேரடியாக நிறுவனத்துக்கு எழுதினால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் மூலம் வரச்சொல்லியே பதில் வரும். அப்படி ஒரு கடையைத் தேடிப் போனேன். அங்கிருந்த மெக்கானிக், வாங்கி 11 ஆண்டுகள் ஆனது என்று கேட்டதும் சற்றுத் தயங்கினார். ஆனால் விரிசலைப் பார்த்தவுடன் தாமே படங்களை எடுத்து அனுப்பினார். முழுச் சைக்கிளும் தெரியும் படம், வரிசை எண், விரிசலின் அண்மைப் படம், விரிசல் ஃப்ரேமில் எங்கே இருக்கிறது என்று விளங்கும்படி சற்றுத் தள்ளி நின்று எடுத்த படம். ஒன்பது நாள் கழித்து மேலும் படங்கள் கேட்டு எழுதினார்கள். இம்முறை கேட்டது விரிசலை அன்று, ஃப்ரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூப்பையும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கையும். ஏன் என்று மெக்கானிக் விளக்கினார். சைக்கிள் முன்பக்கமாக எதிலாவது மோதியிருந்தால், ஹெட் டியூப்புக்குச் சற்றுப் பின்னால் கீழ்க்குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியிருக்கும், அல்லது உலோகம் சிறிது புடைத்திருக்கும். ஃபோர்க்கும் பின்னோக்கி வளைந்திருக்கும். விபத்தின் தடயம் ஒன்று கிடைத்துவிட்டால், விரிசல் ஃப்ரேமின் மறுகோடியில் இருந்தாலும் கிளெய்ம் அங்கேயே முடிந்துவிடும். அதேபோல சீட் போஸ்ட் எவ்வளவு ஆழம் உள்ளே இருந்தது என்பதையும் பார்ப்பார்கள். போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் வெளியே இழுத்து ஓட்டினால் போஸ்ட் இறங்கும் சீட் டியூப்பின் மேல்முனையில் விரிசல் விடும். அது ஓட்டியவரின் தவறாகவே எண்ணப்படும்.

என் ஃப்ரேமில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் 24ஆம் நாள் வந்த பதில், கிளெய்மை ஏற்க இயலாது என்றது. காரணம் ஒரே வரி: நீண்டகாலப் பயன்பாட்டால் ஏற்பட்ட உலோகச் சோர்வு, உற்பத்திக் குறை அன்று.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஆயுட்கால வாரண்டியின் மெய்யான மதிப்பு இந்த இடத்தில்தான் முடிவாகிறது. உற்பத்திக் குறை வேறு, உலோகச் சோர்வு வேறு என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பார்ப்பது எளிது. உலோகம் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒவ்வொரு மிதியிலும் குழாய் மிகச் சிறிய அளவில் வளைந்து திரும்புகிறது. அந்த அழுத்தம் எங்கே குவிகிறதோ அங்கே நுண்விரிசல் பிறந்து, மிதிக்கு மிதி வளர்கிறது. இந்த வளர்ச்சிக்குப் பெயர்தான் சோர்வு. பற்றவைப்பில் காற்றுக்குமிழி ஒன்று அகப்பட்டிருந்தாலோ, விளிம்பில் உலோகம் அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருந்தாலோ, அழுத்தம் முதலில் குவிவது அங்கேதான். விரிசல் ஏன் பிறந்தது என்பதற்கு விடை குறை. எப்படி வளர்ந்தது என்பதற்கு விடை சோர்வு. ஓட்டும்போது பற்றவைப்பில் விடும் விரிசல் எதுவாயினும் அது சோர்வின் வழியாகத்தான் வளர்ந்திருக்கும். ஆகவே, சோர்வு என்று சொல்வதனால் குறை இல்லை என்று ஆகிவிடாது. கேட்கவேண்டிய கேள்வி, விரிசல் எந்தப் புள்ளியில் தொடங்கியது, அந்தப் புள்ளியில் என்ன இருந்தது என்பதே.

அதே வேளையில் நிறுவனத்தின் தரப்பையும் மறைக்கக் கூடாது. எஃகுக்கு ஒரு சகிப்பு எல்லை உண்டு. அழுத்தம் அதற்குக் கீழே இருக்குமட்டும் எத்தனை கோடி முறை வளைந்தாலும் அது விரிசல் விடாது. டைட்டானியமும் ஏறக்குறைய அப்படித்தான். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது; சிறிய அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நல்ல வடிவமைப்பாளர் குழாயைப் பருமனாக்கி, அழுத்தத்தைக் குறைத்து, அந்தக் கணக்கு முடியும் நாளை மனிதர் ஒருவர் ஓட்டித் தீர்க்க முடியாத தொலைவுக்குத் தள்ளிவைக்கிறார். எடையைக் குறைப்பதற்காகச் சுவரை மெல்லியதாக்கினால் அந்த நாள் அருகில் வரும். எனவே குறையே இல்லாத அலுமினிய ஃப்ரேமும் ஒருநாள் விரிசல் விடலாம். அதற்கும் சேர்த்துப் பணயம் வைக்க நிறுவனம் ஒப்பவில்லை என்றால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அப்படியானால் ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லை ஏன் அச்சிடவேண்டும்? குறையால் வரும் விரிசல்களில் பெரும்பகுதி, ஓட்டத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிடும். காலம் செல்லச் செல்ல இது குறைதான் என்று காட்டுவது கடினமாகிறது, சோர்வு என்று சொல்வது எளிதாகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இரும்பைப்போல் உறுதியாக இருக்கும் அதே வாரண்டி, 10 ஆண்டு கடந்தபின் பார்ப்பவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தப் பொருளுக்கும் விற்பவர் குறைந்தது 2 ஆண்டுகளுக்குச் சட்டப்படி பொறுப்பு. ஆயுட்கால வாரண்டியின் வலுவான பகுதி, அங்கே சட்டம் ஏற்கெனவே தருவதோடு பெரிதும் ஒன்றிவிடுகிறது.

தரநிலைச் சோதனையில் தேறிய ஃப்ரேம் என்பதை வைத்து வாதாடலாமா என்றும் யோசித்தேன். ஐஎஸ்ஓ 4210 தரநிலையின்படி ஃப்ரேமை ஒரு பொறியில் பிணைத்து, இரு பெடல்களிலும் மாறி மாறி, சைக்கிளின் வகைக்கு ஏற்ப 1000 முதல் 1200 நியூட்டன் வரையிலான விசையை 100000 சுற்றுகள் கொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவருக்கு 100000 சுற்று என்பது ஏறக்குறைய 21 மணிநேர ஓட்டந்தான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையை முழுக்க ஏற்றியதற்கு ஒப்பான விசை அது. உட்கார்ந்தபடி சாதாரணமாக மிதிக்கும்போது அதில் சிறு பங்குதான் போகிறது. ஆகவே இந்தச் சோதனை, ஃப்ரேம் அடிப்படைப் பாதுகாப்புக்குத் தகுதியானது என்று சொல்கிறதே தவிர, எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்வதில்லை. வாதத்துக்கு அது உதவாது என்று விட்டுவிட்டேன்.

உதவியவை இரண்டு. முதலாவது, பழைய கையேடு. நான் வாங்கிய ஆண்டின் வாரண்டிப் பத்திரத்தில் ‘உலோகச் சோர்வு’ என்ற சொல்லே இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் இப்போதுள்ள பத்திரத்தில் அது புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாங்கியபோது எந்தச் சொற்களை நம்பி வாங்கினேனோ அவையே என்னையும் அவர்களையும் கட்டுப்படுத்தும் என்று, இரு பத்திரங்களின் படங்களையும் இணைத்து, கோபச்சொல் ஒன்றும் இல்லாமல் எழுதினேன். இரண்டாவது, மெக்கானிக்கின் கண். நிறுவனம் படங்களை மட்டும் பார்த்து மறுத்திருக்கிறது, ஃப்ரேமைப் பிரித்துப் பார்த்தால் மேலும் தெரியும் என்றார் அவர். கிராங்க், செயின்ரிங், பாட்டம் பிராக்கெட் எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஃப்ரேமாக்கி, விரிசலைச் சுற்றிப் பெயிண்டை நீக்கியபோது, விரிசலின் தடித்த முனையில், பற்றவைப்பின் விளிம்பிலேயே, குண்டூசி முனையளவு ஒரு துளை இருந்தது. அதற்கு நேர் எதிரே, இடப்பக்கத்துச் செயின் ஸ்டேயின் பற்றவைப்பில் துளையும் இல்லை, விரிசலும் இல்லை. ஒரே ஓட்டம், ஒரே எடை, ஒரே 11 ஆண்டுகள். ஒரு பக்கத்தில் மட்டும் விரிசல். செயினின் இழுவை வலப்பக்கத்தில் கூடுதல் என்பதை எதிர்வாதமாக அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 33ஆம் நாள் இந்தப் படங்கள் போயின. 38ஆம் நாள் கிளெய்ம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

கார்பன் ஃபைபர் ஃப்ரேமாக இருந்திருந்தால் இந்த வழி எனக்குக் கிடைத்திருக்காது. கார்பனில் குறை என்பது அடுக்குகளுக்கிடையே சிக்கிய வெற்றிடம் அல்லது சுருக்கம். அடியும் அதே அடுக்குகளைத்தான் பிரிக்கும். கல் தெறித்ததா, சைக்கிள் சுவரில் சாய்ந்து விழுந்ததா, தொழிற்சாலையிலேயே இருந்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது மிகக் கடினம். ‘மோதல் சேதம்’ என்ற பதிலை மறுத்துரைக்க ஓட்டுபவரிடம் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. கார்பன் ஃப்ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க நினைப்பவர்கள், அதே நிறுவனம் விபத்தில் உடைந்த ஃப்ரேமுக்குத் தள்ளுபடி விலையில் மாற்று தருகிறதா என்பதையும் கேட்டுவைக்கவேண்டும். பல நிறுவனங்களில் அந்த ஏற்பாடு உண்டு. கார்பன் ஓட்டுபவருக்கு வாரண்டியைவிட அதுவே பயன்பட வாய்ப்பு அதிகம்.

ஏற்றுக்கொண்ட பிறகு வந்தது, நான் சற்றும் எதிர்பாராத பகுதி. என் மாடல் நின்றுபோய் ஆண்டுகள் ஆகிவிட்டதால், இணையான புதிய மாடலின் ஃப்ரேமை அனுப்புவதாகச் சொன்னார்கள். பத்திரமும் அதற்கு இடம் தருகிறது. அந்த 11 ஆண்டுகளில் சைக்கிளின் அளவுகள் மாறிவிட்டன. என் பழைய பின்சக்கரம் 135 மில்லிமீட்டர் அகலத்தில், நெம்புகோலால் இறுக்கும் குவிக் ரிலீஸ் அச்சு கொண்டது. புதிய ஃப்ரேமுக்கு 142 மில்லிமீட்டரில், ஃப்ரேமின் துளைகளில் ஊடுருவித் திருகப்படும் த்ரூ ஆக்சில் என்ற அச்சு வேண்டும். பழையதில் பாட்டம் பிராக்கெட் மரையில் திருகப்படுவது. புதியதில் அழுத்திச் செருகப்படுவது. ஹெட் டியூப் கீழ்ப்பக்கம் அகன்றிருந்ததால் ஃபோர்க் திரும்புவதற்கான பேரிங் தொகுதியான பழைய ஹெட்செட் பொருந்தவில்லை. செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முன் டீரெய்லரைப் பொருத்த இடமே இல்லை, ஏனெனில் புதிய மாடல் ஒற்றைச் செயின்ரிங்குக்காகச் செய்யப்பட்டது. ஃப்ரேம் இலவசம், பின்சக்கரம், பாட்டம் பிராக்கெட், ஹெட்செட், கிராங்க், சீட் போஸ்ட், இவற்றோடு கழற்றிப் பூட்டும் கூலி, அனுப்பும் செலவு அனைத்தும் என்னுடையவை. முழுச் சைக்கிளாக வாங்கினால் தள்ளுபடி தருவதாக ஒரு மாற்று யோசனையும் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நான் ஃப்ரேமையே கேட்டேன், ஏனெனில் ஹேண்டில்பாரும் பிரேக்கும் சீட்டும் நன்றாகவே இருந்தன. அவற்றைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வாரண்டிப் பத்திரத்தைப் படிப்பவர்கள் ‘கூலி, அனுப்பும் செலவு, பொருந்தாத பாகங்கள் சேராது’ என்ற வரியை மற்ற எல்லா வரிகளையும்விடக் கவனமாகப் படிக்கவேண்டும் என்று சொல்வேன். ஆண்டுகள் கூடக் கூட அந்த வரியின் எடையும் கூடுகிறது.

பழைய ஃப்ரேமைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை, ஆனால் அறுத்துவிட்டு, வரிசை எண் தெரியும்படி படம் அனுப்பவேண்டும் என்றார்கள். இது பரவலான வழக்கம். விரிசல் விட்ட ஃப்ரேம் வேறு எவர் கைக்கும் போய் ஆளைக் கவிழ்த்துவிடக் கூடாது என்பது காரணம். சரியான காரணந்தான். ஆனாலும் கடையின் பின்கட்டில், 11 ஆண்டு என்னைச் சுமந்த குழாய்களை மெக்கானிக் ரம்பத்தால் அறுத்தபோது என்னால் நிற்க முடியவில்லை. வெளியே போய் நின்றேன். அறுத்த துண்டுகளில் விரிசல் இருந்த பகுதியை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன்.

மதிப்பீடு என்று கேட்டால், நிறுவனம் இறுதியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது; அதை மதிக்கிறேன். முதல் மறுப்பு ஃப்ரேமை நேரில் பாராமல், ஒரே வரியில் வந்தது. அதை மன்னிக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் அந்த வரியோடு பேசாமல் போய்விடுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அடுத்த சைக்கிள் வாங்கும்போது ‘ஆயுட்காலம்’ என்ற சொல்லுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். கேன்யன் நிறுவனம் ஃப்ரேமுக்கு 6 ஆண்டு என்று எண்ணிச் சொல்கிறது. சொல்லில் சிறியதாகத் தெரிந்தாலும், எந்த நாளில் முடிகிறது என்று வாங்குபவருக்குத் தெரியும். சாண்டா குரூஸ் ஃப்ரேமுக்கு ஆயுட்கால வாரண்டியோடு, முதல் உரிமையாளருக்குப் பின்சஸ்பென்ஷன் மூட்டுகளின் பேரிங்குகளையும் ஆயுள் முழுவதும் இலவசமாக மாற்றித் தருகிறது. பேரிங் தேய்வது உறுதி. உறுதியாகத் தேயும் பொருளுக்குத் தரும் வாக்கு, குறை என்று நிறுவவேண்டிய பொருளுக்குத் தரும் வாக்கைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

இன்னும் ஒன்று. இந்தக் கிளெய்மை வென்றது என் கடிதமா, மெக்கானிக்கின் படங்களா என்று எண்ணிப் பார்த்தால், இரண்டாவதற்கே அதிகப் பங்கு. அவர் அந்த ஃப்ரேமை விற்றவர் அல்லர். இதில் அவருக்குக் கிடைத்தது கழற்றிப் பூட்டிய கூலி மட்டுமே. பத்திரத்தில் கையெழுத்திடுவது நிறுவனம். அந்தப் பத்திரம் பணமாவதும் காகிதமாவதும், இடையில் நிற்கும் கடைக்காரர் எவ்வளவு அக்கறையோடு பார்க்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. விலையைக் கொண்டு மட்டும் கடையைத் தேர்ந்தெடுத்த நாளில் நான் இதை எண்ணவில்லை.

புதிய ஃப்ரேமோடு வந்த கடிதத்தில், ‘மாற்று ஃப்ரேமுக்கு, முதல் வாரண்டியில் எஞ்சியுள்ள காலம் பொருந்தும்’ என்று ஒரு வரி இருந்தது. ஆயுட்கால வாரண்டியில் எஞ்சியுள்ள காலம் என்றால் என்ன என்று எழுதிக் கேட்டேன். நான் அந்த ஃப்ரேமின் உரிமையாளராக இருக்கும் காலம்வரை என்று பதில் வந்தது. உலோகச் சோர்வு அதில் சேருமா என்றும் கேட்டிருந்தேன். புதிய ஃப்ரேமுக்கு இப்போதைய பத்திரமே பொருந்தும் என்றார்கள். அந்த மின்னஞ்சலையும், இம்முறை கிடைத்த ரசீதின் படத்தையும், பெயிண்ட் கலையாத புதிய பற்றவைப்புகளைச் சுற்றிலும் எடுத்த 14 படங்களையும், வரிசை எண்ணோடு சேர்த்து ஒரே இடத்தில் சேமித்துவைத்திருக்கிறேன்.